டாவோஸில் ஸ்பெங்லர் கோப்பை: நாளை மறுநாள் போக வேண்டும், உதவுங்கள்

கோவில்பட்டிக்காரன்: வணக்கம். சூரிச் வந்து நான்கு மாதம் ஆகிறது. டாவோஸில் 28ஆம் தேதி நடக்கும் ஐஸ் ஹாக்கிக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி மேலாளர் டிக்கெட் கொடுத்துவிட்டார். எங்களிடம் இருப்பது ஊரில் வாங்கிய ஸ்வெட்டரும் கேன்வாஸ் ஷூவும்தான். ரயில் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மனைவி பயப்படுகிறாள். போகாவிட்டால் அவர் தப்பாக நினைப்பாரோ? சீக்கிரம் சொல்லுங்கள்.

பேர்ன் அண்ணன்: தம்பி, அந்தச் சப்பாத்தோடு போகாதேங்கோ. நான் 1989இல் வந்து மலைப்பக்கம் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். இரவு வேலை முடிந்து அதே மாதிரிச் சப்பாத்தோடு பனியில் நடந்து, இரண்டு கிழமை கால்விரலில் உணர்ச்சியே இல்லை. முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாவோஸ் 1,560 மீற்றர் உயரம். சூரிச் குளிரை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

சூரிச் அக்கா: கட்டாயம் போங்கள் தம்பி. இந்த ஸ்பெங்லர் கோப்பைப் போட்டி 1923இல் டாக்டர் கார்ல் ஸ்பெங்லர் தொடங்கியது. முதல் உலகப் போரில் எதிரெதிராக நின்ற நாடுகளின் இளைஞர்கள் ஒரே பனித்தளத்தில் ஆடட்டும் என்பதுதான் அவர் எண்ணம். முதல் கோப்பையை ஆக்ஸ்போர்டு மாணவர் அணி வாங்கியது. இன்றைக்கும் டிசம்பர் 26 முதல் 31 வரை ஆறு அணிகள் ஆடுகின்றன. அரங்கத்துக்குள் அவ்வளவு குளிராது. போக வர இரண்டுக்கும் ‘ஸ்பார்பில்லெட்’ என்ற சலுகை ரயில் டிக்கெட் எடுத்தால் செலவு குறையும்.

வின்டர்தூர் தம்பி: அக்கா, திரும்பி வர ஸ்பார்பில்லெட் வேண்டவே வேண்டாம். அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனால் ரயிலும் போச்சு, பணமும் போச்சு. குளிராது என்பதும் சரியில்லை, இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் கால் விறைக்கும்.

பேர்ன் அண்ணன்: ரயில் மட்டுமே? மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் வருசா வருசம் ஏறுது.

வின்டர்தூர் தம்பி: வீட்டு வாடகையும்தான் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை பால் தீர்ந்தால் ஊரெல்லாம் கடை மூடியிருக்கும். முதல் வருடம் அதிலேயே அழுதிருக்கிறேன்.

கூர் வாசி: அவருக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, விஷயத்துக்கு வருவோம். தம்பி, ஆட்டம் மாலை 3.10க்கா, இரவு 8.15க்கா? குழந்தை உண்டா? அரைக் கட்டண அட்டை இருக்கிறதா?

கோவில்பட்டிக்காரன்: மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். இரவு 8.15. மகளுக்கு நான்கு வயது. அட்டை இல்லை.

கூர் வாசி: அப்படியானால் கேளுங்கள். மகளுக்கு ரயில் கட்டணமே இல்லை, ஆறு வயது வரை இலவசம். நீங்கள் இருவரும் அரைக் கட்டண அட்டை எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 190 பிராங்க். இந்த ஒரு பயணத்தில் ஈடாகாது, ஆனால் வருடம் முழுக்க உதவும். திரும்பி வரச் சாதாரண டிக்கெட்டே எடுங்கள். வழியில் லாண்ட்குவார்ட் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். கடைசி ரயில் எது என்று இன்றைக்கே ரயில் ஆப்பில் பார்த்து வையுங்கள்.

இன்று 26, விடுமுறை. நாளை கடை திறந்ததும் மூவருக்கும் அடிப்பாகம் வழுக்காத பனிக்காலணி வாங்குங்கள். மற்றதைவிட அதுதான் முக்கியம். ஸ்வெட்டரை வீணாக்க வேண்டாம், உள்ளே ஒரு தெர்மல், மேலே கோட் போதும். மேளமும் கூச்சலும் பலமாக இருக்கும், மகளுக்குக் காது மூடி வேண்டும்.

ஆட்டம் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம். இரண்டாவது இடைவேளை வரும்போது மணி பத்தை நெருங்கிவிடும். “குழந்தை தூங்கிவிடுவாள், அப்போது கிளம்புகிறோம்” என்று மேலாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இங்கே அதை யாரும் அவமரியாதையாக எடுப்பதில்லை. சொல்லாமல் எழுந்து போனால்தான் வருத்தப்படுவார்கள்.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர், மைதான ஹாக்கி உங்களுக்குப் புதிதில்லை. ஐஸ் ஹாக்கியில் பதினொருவர் கிடையாது, கோல்கீப்பரோடு அறுவர். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுவார்கள், உடம்பால் மோதுவதும் விதிக்குள் வரும். பந்துக்குப் பதில் சுமார் 170 கிராம் ரப்பர் வட்டு. அது சில சமயம் பார்வையாளர் பக்கம் பறக்கும், மகளை நடுவில் உட்கார வைத்து வட்டின் மேல் கண் வைத்திருங்கள்.

கோவில்பட்டிக்காரன்: நன்றி அண்ணா. மனைவியிடம் படித்துக் காட்டினேன், வருகிறேன் என்கிறாள். காலையில் காலணிக் கடைக்குப் போகிறோம்.