பிஸ்டல் மேல முன்னும் பின்னும் ஓடற ஸ்லைடு கட்டைவிரலை வெட்டிடுச்சு, துப்பாக்கி கோளாறா என் பிடி கோளாறா?

புதுசு_டல்லாஸ்: டல்லாஸ் பக்கம் இருக்கேன், போன சனிக்கிழமை ஆபீஸ் பசங்களோட முதல் தடவையா துப்பாக்கி சுடற ரேஞ்சுக்குப் போனேன். முதல்ல ஒருத்தரோட ரிவால்வர்ல ஆறு ரவுண்டு, ஒண்ணும் ஆகல. அடுத்து வாடகைக்கு எடுத்த க்ளாக் 19 பிஸ்டல், ரெண்டாவது ரவுண்டுலயே இடது கட்டைவிரல்ல சுரீர்னுச்சு, பாத்தா ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி பக்கத்து பக்கத்துல ரெண்டு வெட்டு, ரத்தம், அதோட அடுத்த தோட்டா பாதியிலயே சிக்கிக்கிச்சு. மானமே போச்சு.

தோட்டாக்காரன்: இடது கட்டைவிரலைப் பின்னாடி குறுக்க, வலது கை மேல போட்டிருந்தீங்களா?

புதுசு_டல்லாஸ்: ஆமாண்ணே, ரிவால்வருக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க, கெட்டியாவும் இருந்துச்சு, அதையே இதுலயும் பிடிச்சேன்.

தோட்டாக்காரன்: அங்கதான் தப்பு. ரிவால்வர்ல பின்னாடி நகர்ற ஸ்லைடு கிடையாது, இதுல ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஸ்லைடு பின்னாடி வந்துட்டுப் போகும், அதோட அடிவிளிம்பு ரெண்டு பக்கமும் இருக்கறதாலதான் ரெண்டு கோடு. உங்க விரல் தடுத்ததுல ஸ்லைடு முழுசா ஓடல, அதான் தோட்டா சிக்கியிருக்கும். ரெண்டு கட்டைவிரலும் இடது பக்கமா, டார்கெட்டைப் பாத்து நீட்டி இருக்கணும், வலது கை விடற காலி இடத்துல இடது உள்ளங்கை அடைச்சு உக்காரணும். டீ கப்புக்கு அடியில சாசர் பிடிக்கற மாதிரி இடது கையைக் கீழ ஏந்தாதீங்க, அது சும்மா.

பழைய_இரும்பு: ஒரே ஒரு எச்சரிக்கை தம்பி, இந்தப் பிடியைக் கத்துக்கிட்டு திரும்ப ரிவால்வருக்குப் போயிடாதீங்க. அதுல சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல சின்ன இடைவெளி இருக்கு, சூடான கேஸ் அந்தப் பக்கவாட்டுலதான் சீறும், நீட்டின கட்டைவிரல் அங்க போனா பெரிய மேக்னம் தோட்டா போடற ரிவால்வர்ல எல்லாம் கீறலோட நிக்காது. அதுக்கு விரலைக் கீழ மடக்கணும். எனக்குக் கை சதைப்பத்து, வால்தர் பிபிகேங்கற சின்ன பிஸ்டலைப் பிடிச்சா ஒழுங்கா பிடிச்சாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதையைக் கடிக்கும், 1911ங்கற பழைய பிஸ்டல் மாடல்லயே அந்தப் புகார் இருந்ததாலதான் அப்புறம் வந்த 1911ஏ1 மாடல்ல பிடிக்கு மேல இருக்கற பின்பக்க வாலை நீட்டினாங்க.

மருந்துப்பெட்டி: எல்லாரும் பிடியைப் பத்தியே பேசறீங்க, காயத்தை சோப்பு போட்டுக் கழுவினீங்களா? ரேஞ்சுல கையில ஈயத்தூள் ஒட்டியிருக்கும். டெட்டனஸ் ஊசி எப்ப போட்டது? விரல் நுனி மரத்துப்போனாலோ நீட்டி மடக்க முடியலன்னாலோ டாக்டர்கிட்ட காட்டணும், அது தோல் வெட்டு மட்டும் இல்ல.

புதுசு_டல்லாஸ்: மடக்க முடியுது. ஊசி 2012ல நாய் கடிச்சப்போ.

மருந்துப்பெட்டி: பத்து வருஷம் தாண்டிடுச்சே, இன்னைக்கே போய்ப் போடுங்க.

புதுசு_டல்லாஸ்: அப்டேட். ஊசி போட்டாச்சு, மூணு வாரம் கழிச்சு திரும்பப் போனேன், புதுப் பிடியில 50 ரவுண்டு, ஒரு கீறல் இல்ல, சிக்கவும் இல்ல. ஆனா இப்ப மேகசின்ல தோட்டா காலியானாலும் ஸ்லைடு பின்னாடி நிக்க மாட்டேங்குது?

தோட்டாக்காரன்: ஹாஹா, அடுத்த பாடம். வலது கட்டைவிரல், ஸ்லைடைப் பின்னாடி நிறுத்தற ஸ்லைடு ஸ்டாப் லீவர் மேல அழுத்திட்டு இருக்கும், அதைத் தூக்கி இடது கட்டைவிரலோட அடிப்பகுதி மேல வைங்க.