மறுமொழி: பொதி பிடிப்பா, பொதி முகர்வா?

அன்புள்ள குழுவினருக்கு,

> பேக்கெட் கேப்சருக்குப் "பொதி பிடிப்பு", ஸ்னிஃபருக்குப் "பொதி முகர்வி". இரண்டும் பழகிவிட்டன, அப்படியே விட்டுவிடலாம்.

பிணையத்தில் தரவு சிறுசிறு பொதிகளாக (பேக்கெட்) போகிறது. அவற்றைப் பார்த்துப் பதிவதுதான் கேப்சர், அதற்கான கருவி ஸ்னிஃபர். இவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பற்றிப் போன வாரம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில், வழங்கிக்குள் (சர்வர்) நுழையும்போதெல்லாம் சரியாக 5 நொடி தாமதம். பயிற்சிக்கு வந்திருந்த இளைஞரை பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டச் சொன்னேன். பெயரையும் முகவரியையும் பொருத்திச் சொல்லும் பெயர் வழங்கியின் (டிஎன்எஸ்) 53ஆம் போர்ட்டுக்கு ஒரு வினவல் போனது, பதில் இல்லை. 5 நொடி கழித்து அதே வினவல் இரண்டாவது பெயர் வழங்கிக்குப் போனது. உடனே பதில் வந்தது. முதல் பெயர் வழங்கி எப்போதோ செத்துவிட்டது. லினக்ஸில் பெயர் தேடும் நிரல், வேறு ஏதும் சொல்லாவிட்டால், 5 நொடி காத்திருந்த பிறகே அடுத்ததிடம் போகும். என்னளவில் வழக்கு முடிந்தது. அவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார்: "முதல் பொதியை நாம் பிடித்துவைத்துக்கொண்டதால்தானே ஐயா பதில் வரவில்லை?"

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அவர் மடியில் இருந்தது நான் எழுதிய பயிற்சிக் குறிப்பு. "பொதி பிடிப்பு" என்று அதில் எழுதியவன் நான். மீனைப் பிடித்தால் அது ஆற்றில் இருக்காது. திருடனைப் பிடித்தால் அவன் தெருவில் இருக்க மாட்டான். பொதியோ தன் வழியில் போய்க்கொண்டே இருக்கிறது, நம் கைக்கு வருவது அதன் படி மட்டுமே. 1993இல் மெக்கேனும் ஜேக்கப்சனும் எழுதிய பிபிஎஃப் என்ற பொதி வடிகட்டி பற்றிய கட்டுரையின் அக்கறையும் இந்தப் படியெடுக்கும் செலவைப் பற்றியதுதான்: வேண்டாத பொதிகளைப் படியெடுப்பதற்கு முன்பே, இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே (கெர்னல்) தள்ளிவிடுவது எப்படி என்பது. டிசிபிடம்ப் இன்றும் அந்த வழியில்தான் வடிகட்டுகிறது.

"முகர்வி" எனக்கு ஒட்டவில்லை. ஸ்னிஃபர் என்பது 1986இல் நெட்வொர்க் ஜெனரல் என்ற நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த கருவியின் விற்பனைப் பெயர். ஒருவர் வைத்த வணிகப் பெயரின் மூக்கை நாம் ஏன் சுமக்க வேண்டும்? மோப்பக் குழைவதற்குப் பொதி அனிச்சப்பூவும் அல்ல. (வயர்ஷார்க் என்ற ஸ்னிஃபர் மென்பொருளைக் "கம்பிச்சுறா" ஆக்கிய நண்பருக்கும் இதைத்தான் சொல்வேன். ஈத்தரியல் என்றிருந்த மென்பொருள், வணிகக்குறிச் சிக்கலால் 2006இல் எடுத்துக்கொண்ட பெயர் அது. பெயரைப் பெயராகவே விடுங்கள்.)

என் பரிந்துரை "ஒற்று". சந்தனத்தையும் மையையும் ஒற்றி எடுக்கிறோம். அடியில் இருப்பது அங்கேயே இருக்க, அதன் பதிவு நம்மிடம் வந்துவிடுகிறது. ஒற்றரும் இந்தச் சொல்லில்தான் இருக்கிறார்: தான் தெரியாமல், எதையும் கலைக்காமல் பார்த்து வருபவர். செயலுக்குப் "பொதியொற்றல்", கருவிக்குப் "பொதியொற்றி".

கூடவே இன்னொன்று. பிணைய அட்டை வழக்கமாகத் தன் முகவரிக்கு வந்ததையும் எல்லோருக்குமான அறிவிப்புகளையும் மட்டும் ஏற்கும். கண்ணில் பட்ட அத்தனையையும் ஏற்கும் புராமிஸ்குவஸ் நிலைக்கு, ஒழுக்கக்கேட்டின் வாடையடிக்கும் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பார்த்துத் திகைத்தேன். வரையாது கொடுப்பவன் வள்ளல் என்றால், வரையாது ஏற்கும் அட்டைக்கு "வரையா ஏற்பு நிலை" போதாதா?

இந்த அளவுக்கு மயிர் பிளக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: "பேக்கெட்" என்ற சொல்லையே 1960களில் டொனால்ட் டேவிஸ் ஒரு மொழியியலாளரைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தார், பிற மொழிகளுக்கும் எளிதில் பெயர்க்க முடிய வேண்டும் என்பதற்காக. நாம் அதைப் பொதி, பொட்டலம், சிப்பம் என்று மூன்றாக்கியது தனிக்கதை.

— — —

> மீனைப் பிடித்தால் அது ஆற்றில் இருக்காது

படம் பிடித்தால் ஆள் தெருவில் இருப்பதில்லையா ஐயா?

வரையா ஏற்புக்கு இரண்டு கையும் தூக்குகிறேன். "ஒற்றி"தான் தொண்டையில் நிற்கிறது. எங்கள் ஊரில் ஒற்றி என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்து வீட்டில் குடியேறுவது. பொதியொற்றி என்றால் மூட்டையை அடகு வைத்ததாகத்தான் என் அம்மா நினைப்பார். ஒற்றர் வாடை வேறு. எங்கள் கல்லூரிப் பிணையத்தைக் கவனிப்பவரிடம் "ஒற்றுவதற்கு அனுமதி வேண்டும்" என்று மாணவர் எழுதிக்கொடுத்தால் அன்றைக்கே முதல்வர் அறைக்கு அழைப்பு வரும். "படி" என்று நீங்களே மூன்று முறை எழுதிவிட்டீர்கள். "பொதிப் படியெடுப்பு" என்றே வைத்தால் என்ன?

— — —

> படம் பிடித்தால்

நல்ல அடி. ஆனால் அங்கே பிடிபடுவது படம். ஆளைப் பிடித்தோம் என்று யாரும் சொல்வதில்லை. "பொதி பிடிப்பு" பொதியையே பிடிக்கிறது.

அனுமதி கேட்கத் தோன்றும் சொல் என்பதை நான் குறையாக எண்ணவில்லை. பிறர் பிணையத்தில் கேட்காமல் இதை ஓட்டக் கூடாது. பயிற்சியின் முதல் வகுப்பிலேயே சொல்வது அது. ஆனாலும் மூட்டை அடகுக்கு என்னிடம் பதில் இல்லை, படியெடுப்பில் தெளிவும் கூடுதல். செயலுக்குப் "பொதிப் படியெடுப்பு" என்றே வைத்துக்கொள்வோம். கருவிக்கு மட்டும் "பொதியொற்றி"யை விட்டுத்தர மனமில்லை. "படியெடுப்பான்" என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் அம்மாவிடம் இன்னொரு முறை கேட்டுப்பாருங்கள்.

பயிற்சிக் குறிப்பில் "பிடிப்பு" 14 இடங்களில் இருக்கிறது. இன்றிரவு மாற்றிவிடுகிறேன்.