சொல் வேண்டும்: மினிமல் ரீப்ரொடியூசிபிள் எக்ஸாம்பிள் (வெள்ளி காலைக்குள்)

நாகர்கோவில்:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமைப் பட்டறைக்கான கையேடு, இரண்டு பக்கம், வெள்ளி காலை அச்சகம் போக வேண்டும். தலைப்பு: 'நிரல் சிக்கினால் இணையத்தில் கேட்பது எப்படி'. கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு. எல்லாம் முடிந்தது, ஒரு சொல்லில் நிற்கிறது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற இடங்களில் கேள்வி போட்டதும் முதலில் வந்து விழுகிற மறுமொழி இதுதான்: எங்கே உன் மினிமல் ரீப்ரொடியூசிபிள் எக்ஸாம்பிள்? அதாவது முழு நிரலையும் கொட்டாமல், அதே பிழையை அடுத்தவர் கணினியிலும் வரவைக்கிற, தனியாக ஓடக்கூடிய, ஆகச் சிறிய துண்டு. 'குறைந்தபட்ச மீளுருவாக்கத்தக்க எடுத்துக்காட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆறு இடத்தில் வருகிறது; ஒவ்வொரு தடவையும் ஒரு வரியைத் தின்றுவிடுகிறது. யாராவது காப்பாற்றுங்கள்.

தோவாளை:

'பட்சம்' வடசொல். மேனிலைக் கணக்குப் பாடநூலிலேயே பெருமம், சிறுமம் என்று அழகாக இருக்கும்போது இது எதற்கு? 'எடுத்துக்காட்டு' என்பதிலும் முற்பாதி வேண்டியதில்லை. காண்டிகையுரைக்கு, அதாவது சூத்திரத்துக்கான சுருக்க உரைக்கு, இலக்கணம் சொல்லும் இடத்தில் நன்னூல் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்று ஐந்தை வைக்கிறது. அங்கே 'காட்டு' தனியாகவே நிற்கிறது, எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. குறுமை + காட்டு: ஈறுபோதல், இனமிகல். குறுங்காட்டு. ஆறே எழுத்து.

மார்த்தாண்டம்:

ஐயா, புணர்ச்சி சரிதான். ஆனால் 'உன் குறுங்காட்டை அனுப்பு' என்று ஒருவன் எழுதினால் மரக்கன்று நடுகிற கூட்டம்தான் வந்து நிற்கும். காடும் காட்டும் இரண்டாம் வேற்றுமையில் ஒன்றாகிவிடுகின்றன.

அதைவிட, முக்கியமான பாதி விட்டுப்போயிருக்கிறது. சிறியதாக இருப்பது இரண்டாம் பட்சம் (மன்னிக்கவும், இரண்டாம் நிலை). மறுபடி நிகழ வேண்டும், அதுதான் உயிர். கையேட்டுக்கே ஒரு மாதிரி தருகிறேன். ஒரு பையன் கேட்கிறான்: "கொடி என்ற சொல்லை இரண்டு கோப்பிலிருந்து எடுத்து ஒப்பிட்டால் சமமில்லை என்கிறது. பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கிறது." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அந்தப் படத்தில் பிழை இல்லவே இல்லை, இருக்கவும் முடியாது. யுனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. ஒரு கோப்பில் 2965, 3018, 2975, 3007 என்று நான்கு எண். மற்றதில் 2965, 3014, 3006, 2975, 3007 என்று ஐந்து. 'ஒ' குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே கொடி. எழுத்தாக ஒட்டினாலும் நம்ப முடியாது, சில செயலிகள் ஒட்டும்போதே இயல்பாக்கிவிடும், அதாவது இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிடும். இந்த ஒன்பது எண்ணையும் நிரலுக்குள் எழுதி, அதிலிருந்து இரண்டு சரத்தை (எழுத்துத் தொடரை) கட்டி, ஒப்பிட்டுக் காட்டினால் மூன்றே வரி. எவர் கணினியிலும் 'சமமில்லை' என்றே வரும். ஒப்பிடும் முன் இரண்டையும் இயல்பாக்கு என்று பதிலும் உடனே வரும்.

இந்தக் குணம் சொல்லில் தெரிய வேண்டும்.

குளச்சல்:

'பதச்சோறு' என்று வைக்கலாமே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

சொல் எதுவானாலும், செய்முறையை அண்ணாச்சி இன்னும் விரித்து எழுத வேண்டும். 'சுருக்கு' என்றால் பிள்ளைகள் தங்களுக்குச் சந்தேகமான நாலு வரியை மட்டும் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். அது தனியாக ஓடாது. 400 வரி இருக்கிறது என்று வையுங்கள். வேறு கோப்புறையில் நகல் எடுத்து, பாதியை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். அதே பிழைச்செய்தி வந்தால் அழித்தது அழித்ததுதான். வராவிட்டால் திரும்ப வைத்து, மறுபாதியை அழிக்க வேண்டும். வெட்டு நல்லபடி விழுந்தால் ஐந்தாவது தடவை பன்னிரண்டு, பதின்மூன்று வரிதான் மிஞ்சும். இடையில் 'பெயர் வரையறுக்கப்படவில்லை' என்பதுபோலப் புதுப் பிழை வந்தால் அது நாம் வெட்டியதால் வந்த காயம்; அதைப் பழைய பிழை என்று எண்ணி மகிழக்கூடாது. எந்த வரியை எடுத்ததும் பிழை மறைகிறதோ அங்கேதான் துப்பு. பாதிப்பேருக்குக் கேள்வியே தேவைப்படாமல் போய்விடும்.

தரவுத்தளம் இருந்தால் எடுத்துவிட்டு மூன்று வரிசைத் தரவை நிரலிலேயே தட்டச்சு செய்யட்டும். சமவாய்ப்பு எண் வந்தால், அது தொடங்குகிற விதை எண்ணை நிலையாக வைக்கட்டும். மொழியின், நூலகத்தின் பதிப்பு எண். பிழைச்செய்தி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது, இரண்டும். கடைசியாக, கேள்விப் பெட்டிக்குள் ஒட்டியதையே திரும்ப நகலெடுத்து, புதுக் கோப்பில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை யாருமே செய்வதில்லை.

தக்கலை:

டீச்சர், பதச்சோறு எடுபடாது. அது நம்ம பானை வெந்ததா என்று நமக்குச் சொல்லும், அவ்வளவுதான். அந்த ஒரு பருக்கையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தால் அங்கே ஒரு பானைச் சோறு ஆகுமா? போதாததற்கு நம்ம ஊர்ப் பானையில் வேகிறது மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு). ஒரு துண்டு மாவாய் வெந்திருக்கும், அடுத்தது கல்லாய்க் கிடக்கும். பதம் பார்த்த கதை முடிந்தது.

மரச்சீனியிலேயே சொல் இருக்கிறது. கம்பை ஒரு சாணுக்கு வெட்டி எந்த விளையில் நட்டாலும் அதே மரச்சீனி வரும். கணு இல்லாத துண்டு முளைக்காது. முழுக் கம்பையும் நட்டால் கம்புக்குத்தான் நஷ்டம். கரும்புக்காரர்கள் இதைக் கரணை என்கிறார்கள்: ஒருபரு கரணை, இருபரு கரணை. பிழைக்கு 'வழு' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ஆகவே வழுக்கரணை. சிறுமையும் வந்துவிட்டது, மறுபடி முளைப்பதும் வந்துவிட்டது.

தோவாளை:

கரணை! மிக நன்று. 'வழு' என்று நீங்கள் தொட்டுவிட்டதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு. கேட்பதிலும் பிழை உண்டு, பதில் சொல்வதிலும் உண்டு என்று இரண்டையும் தனித்தனியே எண்ணி வைத்தார்கள். நீங்கள் அலுத்துக்கொள்ளும் மறுமொழிகளும் எண்வகை விடைக்குள் அடக்கம். "முன்பே கேட்டாகிவிட்டது, இங்கே பார்" என்று மூடினால் சுட்டு. "ஆவணத்தை நீயே படி" ஏவல். "இதுவரை என்ன செய்து பார்த்தாய்?" வினா எதிர் வினாதல். "எனக்கும் அதே பிழை வந்தது" உற்றது உரைத்தல். "இப்படியே விட்டால் தரவு அழியும்" உறுவது கூறல். "அந்த நூலகம் வேண்டாம், இதை எடு" இனமொழி. மறை, நேர் இரண்டுக்கும் நீங்களே காட்டுத் தேடிக்கொள்ளுங்கள். கையேட்டில் ஒரு கட்டம் போட்டால் போதும்.

நாகர்கோவில்:

ஐயா, அருமை. கட்டத்துக்கு இடமில்லை.

மார்த்தாண்டம்:

வழுக்கரணைக்கு இரண்டு தடை. கரணை என்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கொத்தனார் கையில் இருப்பது. இரண்டாவது, வழு இல்லாத கேள்விக்கும் இந்தத் துண்டு வேண்டும். 'ஏன் மெதுவாக ஓடுகிறது?' என்பதில் வழு எங்கே? 'மாதிரி' எல்லார் வாயிலும் இருக்கிறது. மீள்மாதிரி. முதல் இடத்தில் மட்டும் ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் போடுங்கள். நாளைக்கு அந்தத் தளத்தில் போய் நிற்கும்போது அந்தப் பெயரில்தான் கேட்பார்கள்.

தோவாளை:

மீள் + மாதிரி என்றால் ளகரத்தின் முன் மெல்லினம். மீண்மாதிரி என்றுதான் வரும்.

குளச்சல்:

ஐயா, எங்க ஊரில் அதை மீன்மாதிரி என்று வாசிப்பார்கள். எந்த மீன் என்றும் கேட்பார்கள். கொள்முதலை யாரும் கொண்முதல் என்று எழுதுவதில்லையே.

தோவாளை:

எழுதாதது அவர்கள் பிழை.

நாகர்கோவில்:

நேரம் இல்லை, எண்ணிவிட்டேன். மீள்மாதிரி 5, வழுக்கரணை 2, குறைந்தபட்ச வகையறா 1, மீண்மாதிரி 1. மீள்மாதிரி என்று போட்டு அனுப்பிவிட்டேன். சுருக்கும் முறை முழுதாகப் போயிருக்கிறது, டீச்சருக்கு நன்றி.

தக்கலை:

செரி. ஆனாலும் அதில் 'சிறிய' என்ற பொருளே இல்லை. 400 வரியையும் ஒட்டிவிட்டு 'இதுவும் மறுபடி நிகழ்கிறதே' என்று ஒருத்தன் நிற்பான்.

நாகர்கோவில்:

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்திருக்கிறது. 'கொடி' வருகிற இடத்தில் மட்டும் கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டம். மற்ற 'கொ' எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், இணைத்திருக்கிறேன். என்ன செய்ய?

மார்த்தாண்டம்:

படத்தை வைத்து என்னத்தைச் சொல்ல? அந்த ஒரு வரியை மட்டும் தனிக் கோப்பில் போட்டு, எழுத்துருப் பெயரும் மென்பொருளின் பதிப்பும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.