50 மீட்டர் இடைவெளி போதுமா? துளையை நெருக்குவதா, குழியைத் திறப்பதா

கோர்பெட்டி:
வணக்கம். வேலையிடத்தில் இரண்டு வாரமாக ஓடும் வாக்குவாதத்தை இங்கே வைக்கிறேன். திறந்தவெளித் தங்கச் சுரங்கம், இன்னும் தோண்ட ஆரம்பிக்கவில்லை. 50 மீட்டருக்கு ஒன்றாகச் சதுரக் கட்டத்தில் துளை போட்டு முடித்திருக்கிறோம். குழியை வடிவமைக்கும் முன் இடைவெளியை 25 மீட்டராகக் குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. திட்டக் குழுவோ, இருப்பதே போதும், திறந்துவிடலாம் என்கிறது.

என் கணக்கு எளிது. துளையிலிருந்து எடுக்கும் பாறைத் தண்டைத்தான் கோர் என்கிறோம்; ஹெச்.க்யூ. என்ற அளவில் அதன் விட்டம் 63.5 மில்லிமீட்டர். அந்த ஒரு துளை 2,500 சதுர மீட்டர் நிலத்துக்காகப் பேசுகிறது. வகுத்துப் பாருங்கள்: நாம் கண்ணால் கண்டது ஏறத்தாழ எட்டு லட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் கோரிலும் பாதியை மட்டும் அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அங்கே அதை மாவாக அரைத்து, கடைசியில் உலையில் வைப்பது 30 அல்லது 50 கிராம். ஒரு தங்கத் துணுக்கு அந்தப் பிடி மாவில் விழுந்தால் ஒரு விடை, விழாவிட்டால் வேறு விடை. இதை நம்பி எப்படிக் குழி வரைவது?

பெஞ்ச்12:
நான் திட்டமிடுபவன், எதிர்க்கட்சி. எட்டு லட்சத்தில் ஒன்று என்றால் கேட்கவே பயமாகத்தான் இருக்கிறது. 25 மீட்டருக்குப் போனால் துளைகள் நான்கு மடங்கு, பங்கு இரண்டு லட்சத்தில் ஒன்று. அப்போது மட்டும் பயம் தெளிந்துவிடுமா?

பார்க்க வேண்டியது பக்கத்துப் பக்கத்துத் துளைகள் ஒன்றோடொன்று எவ்வளவு தூரம் வரை ஒத்துப்போகின்றன என்பதை. சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் 1951-இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களின் மாதிரிகளை வைத்து ஆரம்பித்து, பின்னால் பிரெஞ்சுக் கணிதவியலாளர் மத்தெரோன் கணிதமாக்கிய வேலையே இதற்குத்தான். தூரம் கூடக்கூட மாதிரிகளின் வேறுபாடு எப்படி வளர்கிறது என்று காட்டும் வரைபடம் வேரியோகிராம்; ஒத்துப்போவது நின்றுவிடும் தூரம்தான் அதன் வீச்சு. அது 120 மீட்டர் என்றால் 50 தாராளம். 30 என்றால் உங்கள் இரண்டு துளைகளுக்கும் நடுவே எந்த உறவும் இல்லை. உங்கள் வீச்சு எவ்வளவு? அதைச் சொல்லாமல் 25 வேண்டும் என்று எப்படிக் கேட்கிறீர்கள்?

அப்புறம் காலம். ஆண்டுக்கு 10 சதவீதத் தள்ளுபடி வீதத்தில், ஒரு வருடம் தள்ளிப்போனால் திட்டத்தின் இன்றைய மதிப்பில் 9 சதவீதம் கரைகிறது. அந்தப் பணத்துக்கு எவ்வளவு தகவல் கிடைக்கிறது என்று காட்டினால் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

கோர்பெட்டி:
நியாயமான கேள்வி. தாது நீளும் திசையில் வீச்சு 90 மீட்டர். குறுக்கே 35-தான். நக்கெட் பங்கு, அதாவது ஒட்டினாற்போல இருக்கும் மாதிரிகளுக்குள்ளேயே வரும் வேறுபாடு, மொத்த மாறுபாட்டில் பாதியை நெருங்குகிறது. எனவே குறுக்குத் திசையில் 50 மீட்டர் போதாது.

போதாத இடத்தில் மாடல் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். துளைகளுக்கு நடுவில் உள்ள பிளாக்குகள், அதாவது மாடலில் படிவத்தைப் பிரித்த கட்டிகள், எல்லாம் சராசரியை நோக்கிச் சாயும். உச்சம் மழுங்கும், பள்ளம் நிரம்பும். கட்-ஆஃப், அதாவது தாது என்று எண்ணத் தேவையான குறைந்தபட்சக் கிரேடு (டன்னுக்கு எவ்வளவு தங்கம் என்ற அளவு), சராசரிக்குக் கீழே இருந்தால் தாதுவின் டன் கூடுதலாகவும் கிரேடு குறைவாகவும் தெரியும். அந்த டன்னைப் பார்த்துத்தான் ஆலையின் அளவை முடிவு செய்யப் போகிறீர்கள். குழியின் வடிவத்தை மூன்றாம் வருடம் திருத்தலாம், வாங்கி நிறுத்திய அரைவை ஆலையைத் திருத்த முடியாது. எனக்கு உண்மையில் வலிப்பது இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் ஒரு கோர் பெட்டியைத் திறந்து தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். 143 மீட்டரில் ஆழம் எழுதிய ஒரு மரக்கட்டை, 146-இல் இன்னொன்று. நடுவே மூன்று மீட்டர் கோர் இருக்க வேண்டும். டேப் வைத்தால் 1.9. இருபுறமும் வெள்ளைக் குவார்ட்ஸ், உடைந்த முனைகளில் சாம்பல் நிறக் களிமண் ஒட்டியிருக்கிறது. காணாமல் போன 1.1 மீட்டர்தான் பிளவு மண்டலம், துளையிடும் தண்ணீரில் கரைந்து போயிருக்கிறது. இந்தப் படிவத்தில் தங்கம் குடியிருப்பதே அந்தப் பிளவுகளை ஒட்டித்தான். ஆனால் தரவுத்தளத்தில் மூன்று மீட்டருக்கும் அந்த 1.9 மீட்டரின் கிரேடுதான் ஏறியிருக்கிறது.

பெஞ்ச்12:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இது உங்கள் கட்சிக்கு எதிரான சாட்சி. கோர் இப்படிக் கரைகிறது என்றால், அதே முறையில் 25 மீட்டருக்கு ஒன்று போட்டால் நான்கு மடங்கு பழுதான தரவுதான் கிடைக்கும். முதலில் டிரிபிள் டியூப் (கோர் கலையாமல் காக்க உள்ளே இன்னொரு குழாய் வைத்த முறை) போடுங்கள், பிளவு வரும் ஆழத்தில் ஒவ்வொரு முறை கோர் எடுக்கும் நீளத்தையும் ஒன்றரை மீட்டராகக் குறையுங்கள், தண்ணீர் அழுத்தத்தை இறக்குங்கள். ஏற்கெனவே போட்ட துளைகளில் மோசமான ஐந்தாறின் பக்கத்திலேயே இரட்டைத் துளை போட்டு ஒப்பிடுங்கள். இடைவெளிச் சண்டையை அதற்குப் பிறகு போடலாம்.

கனிமவியல்_மாணவி:
நடுவில் ஒரு சந்தேகம் கேட்கலாமா சார்? கோரில் பாதியை அறுத்து வைத்துக்கொள்வது ஏன்? கோர்பெட்டி சார் சொல்கிறபடி மாதிரி சிறியதாக இருப்பதுதான் சிக்கல் என்றால், முழுக் கோரையும் அனுப்பினால் இன்னும் நல்லதுதானே?

கோர்பெட்டி:
நல்ல கேள்வி அம்மா. மாதிரி பெரியதாகும் என்பது சரி. ஆனால் அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க எதுவும் மிஞ்சாது. போர்னியோவின் புசாங்கில் பிரி-எக்ஸ் நிறுவனம் அப்படித்தான் முழுக் கோரையும் நொறுக்கி அனுப்பியது. 1997-இல் வேறு ஆட்கள் அருகிலேயே சரிபார்ப்புத் துளைகள் போட்டபோது சொல்லும்படியான தங்கம் இல்லை. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது. சுரங்க நிறுவனங்கள் கனிமத் தகவலை எப்படி வெளியிட வேண்டும் என்று சொல்லும் கனடாவின் 43-101 விதி 2001-இல் வந்ததற்கு அந்த மோசடி ஒரு முக்கியக் காரணம். சில இடங்களில் நல்ல காரணத்தோடு முழுக் கோரையும் அனுப்புவது உண்டு. அப்போது தெளிவான படங்களும், ஆய்வகத்தில் மிஞ்சும் நொறுக்கலும் பத்திரமாக இருக்க வேண்டும். வெற்று மாதிரி (தங்கம் இல்லாதது), தரநிலை மாதிரி (கிரேடு ஏற்கெனவே தெரிந்தது), நகல் மாதிரி (அதே மாதிரியின் இன்னொரு பங்கு) மூன்றையும் ஒவ்வொரு தொகுப்பிலும் கலந்து அனுப்பப் பழகிக்கொள்ளுங்கள்.

சரிவுக்கோணம்:
பாறைப் பொறியியல் ஆள் நான். இருவரும் தங்கத்தையே பேசுகிறீர்கள், சுவரை யாரும் பேசவில்லை. கோர்பெட்டி, உங்கள் துளைகள் எல்லாம் எந்தப் பக்கம் சாய்ந்தவை?

கோர்பெட்டி:
எல்லாமே கிழக்கு நோக்கி, 60 டிகிரி. தாது மேற்கே சாய்கிறது. அதைச் செங்குத்தாக வெட்டத்தான் அப்படி.

சரிவுக்கோணம்:
நினைத்தேன். கிரேடுக்கு அது சரி. ஆனால் துளைக்கு இணையாக ஓடும் பிளவு கோரில் அநேகமாகத் தட்டுப்படாது. ரூத் டெர்சாகி 1965-லேயே இதற்குத் திருத்தக் கணக்கு (குறைவாகத் தட்டுப்படுவதைக் கோணத்துக்கேற்பப் பெருக்குவது) கொடுத்துவிட்டார், ஆனாலும் துளைக்கும் பிளவுத்தளத்துக்கும் உள்ள கோணம் பூஜ்யத்தை நெருங்கினால் அந்தத் திருத்தமும் உதவாது. பார்க்காததைப் பெருக்க முடியாதே. கிழக்கே 60 டிகிரி சாயும் துளைக்கு இணையான பிளவும் கிழக்கேதான் சாயும், அதாவது உங்கள் மேற்குச் சுவரிலிருந்து குழிக்குள். அப்படி ஒரே திசையில் ஓடும் பிளவுகளின் குடும்பம் ஒன்று அங்கே இருந்தால் உங்கள் அத்தனை துளைகளும் அதைத் தவறவிட்டிருக்கும். போதாக்குறைக்குக் கடைசிச் சுவர் நிற்கப்போவது தாதுவுக்கு வெளியே, கழிவுப்பாறையில். அங்கே யாரும் துளையே போட்டிருக்க மாட்டீர்கள்.

பணக் கணக்கும் தருகிறேன். 300 மீட்டர் ஆழக் குழி. சுவரை 50 டிகிரியில் நிறுத்தலாம் என்று வரைந்து, பிறகு 45-க்குத்தான் நிற்கும் என்று தெரிந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 7,200 கன மீட்டர் கழிவு கூடுதலாக அள்ள வேண்டும். டன்னில் 19,500-ஐத் தொடும். அரை கிலோமீட்டர் சுவருக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். 25 மீட்டர் கட்டத்தால் காப்பாற்றும் பணத்தை இந்த ஐந்து டிகிரியே விழுங்கிவிடும்.

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பிங்காம் கேன்யனில் பத்துக் கோடி டன்னுக்கு மேல் பாறை சரிந்தது. ரேடார் முன்கூட்டியே அசைவைக் காட்டியதால் ஆட்களை வெளியேற்றியிருந்தார்கள், ஒரு உயிரும் போகவில்லை. அங்கேயும் சறுக்கியது ஒரு பலவீனமான படுகையின் மேல்தான்.

பெஞ்ச்12:
சுவர்க் கோணத்தை நான் பழைய அறிக்கையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அது தப்பு. அதிக லாபம் தரும் குழியைக் கணக்கிடும் லெர்ச்ஸ்-கிராஸ்மன் முறை எந்தக் கோணத்தைக் கொடுத்தாலும் ஒரு குழியை வரைந்து தந்துவிடும், அந்தக் கோணத்தில் சுவர் நிற்குமா என்று அது கேட்பதில்லை.

சரி, என் தரப்பில் இவ்வளவு தருகிறேன். முதல் மூன்று வருடம் வெட்டப்போகும் வடக்குக் குழிக்கு 25 மீட்டர், அதுவும் குறுக்குத் திசையில் மட்டும். கடன் திரும்பவேண்டியது அந்த வருடங்களில்தான். மற்றதெல்லாம் 50-லேயே இருக்கட்டும். வெட்டும் காலத்தில், எது தாது எது கழிவு என்று பிரிக்க நெருக்கமாகப் போடும் கிரேடு கன்ட்ரோல் துளைகள் தருகிற தகவலுக்கு ஈடாக நீங்கள் இப்போது எதையும் போட்டுவிட முடியாது. இன்ஃபெர்டு வகையில் (குறைந்த தரவை வைத்து ஊகித்தது) இருப்பதை இருப்புக் கணக்கில் சேர்க்க மாட்டேன், ஆலையின் அளவையும் அதைப் பார்த்து முடிவு செய்ய மாட்டேன்.

கோர்பெட்டி:
வடக்குக்குக் குறுக்கே 25, ஒப்புக்கொள்கிறேன். தெற்கை அப்படியே விடுவதற்கு மட்டும் இன்னும் மனம் வரவில்லை. மாடலில் உள்ள டன்னில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது, ஆலையின் ஆயுளும் அதை நம்பித்தான். அங்கே சிலுவை வடிவில் 12 மீட்டருக்கு ஒன்றாக ஒரு சிறு வரிசையாவது போட்டு, குறுகிய தூரத்தில் கிரேடு எப்படி மாறுகிறது என்று பார்க்க விடுங்கள். பத்துப் பன்னிரண்டு துளைகள்தான். விடை சாதகமாக வந்தால் தெற்கைப் பற்றி மறுபடி கேட்க மாட்டேன்.

பெஞ்ச்12:
டிரிபிள் டியூப் வந்த பிறகு என்றால் சரி. பழைய முறையில் ஒரு மீட்டர் கூட வேண்டாம்.

சரிவுக்கோணம்:
அந்தத் துளையிடும் ரிக் தெற்குக்கு நகர்வதற்கு முன் எனக்கு நான்கு துளைகள் வேண்டும். மேற்குச் சுவருக்குள், மேற்கு நோக்கிச் சாய்ந்து, கோரின் திசையைக் குறிக்கும் கருவியோடு. கோரை அறுப்பதற்கு முன் நான் வந்து பார்க்கும்வரை பெட்டிகளைத் தொட வேண்டாம்.