ஒன்றரை லட்சத்துக்குள்ள கோத்தகிரி ஏத்தத்துக்கு எந்த பழைய கார்?

அரவேணுக்காரன்:
வணக்கங்க, அம்மாவை மாசம் ரெண்டு தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், பஸ்ல குஞ்சப்பனை தாண்டறதுக்குள்ள அவங்களுக்கு வாந்தி வந்துடுது, டாக்ஸி வாடகை கட்டுப்படியாகல. கையில ஒன்றரை லட்சம் தான், அதுக்கு மேல முடியாது. 2013 ஆல்டோ 800 ஒண்ணு, 2012 ஆல்டோ கே10 ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். 800 கம்மியா ஓடினது, பெயிண்ட் பளபளன்னு இருக்கு. கே10ல பூரா கீறல். எதை எடுக்கலாம்?

மலைரோடு:
கண்ண மூடிட்டு கே10 பக்கம் போங்க. 800க்கு 796 சிசி, கே10க்கு 998, இந்த வித்தியாசம் கீழ ஊர்ல தெரியாது, மேட்டுப்பாளையத்துல இருந்து நாலு பேரோட ஏறும்போது தெரியும். சின்ன இன்ஜின் வளைவுல செகண்ட் கியர்ல இழுக்காது, ஃபர்ஸ்ட்டுக்கு வந்து க்ளட்சை பாதி மிதிச்சே ஏத்துவோம், என் பழைய வண்டில அப்படி ஓட்டி க்ளட்ச் தீஞ்ச வாசனை கேபின் பூரா அடிச்சு நடுவழில நின்னேன், கூட கைக்குழந்தை வேற. கீறலுக்கெல்லாம் பயப்படாதீங்க.

குன்னூர் மெக்கானிக்:
எந்த வண்டின்னாலும் காலைல சொல்லாம போய் முதல்ல பானெட்ல கை வைங்க, சூடா இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், குளிர்ல எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு உங்களுக்கு தெரியவே போறதில்ல. மேட்டுல நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு காலை எடுங்க, நகரக்கூடாது. உள்ள கால் வைக்கற இடத்துல இருக்கற மிதியடியை தூக்கி தரையை அழுத்தி பாருங்க, நம்ம மஞ்சுக்கும் மழைக்கும் துரு அங்கதான் பிடிக்கும். ஆயில் மூடில வெள்ளையா பசை மாதிரி இருந்தா உடனே இன்ஜின் போச்சுன்னு நினைக்க வேண்டாம், கிட்ட கிட்டயே ஓடற மலை வண்டில ஈரத்துக்கு அப்படி வரும், ஆனா கூலண்ட்டும் (இன்ஜின் சூட்டை தணிக்கற தண்ணி) குறைஞ்சிருந்தா அந்த வண்டியை விட்டுடுங்க. அப்புறம் இறக்கத்துல நியூட்ரல் போடவே போடாதீங்க, ஏறின கியர்லயே இறங்குங்க.

ஊட்டி 43:
2012 வண்டிக்கு ஆர்சி, அதாவது பதிவு, 2027ல முடியும், அப்புறம் எஃப்சி (வண்டி ஓட்டற தகுதில இருக்கான்னு சோதனை) காட்டி அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிக்கணும், அந்த செலவை இப்பவே விலைல கழிச்சு பேசுங்க. லோன் பாக்கி இருக்கான்னு ஆர்சில பாருங்க. பேர் மாத்தற ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்காம முழு பணம் குடுக்காதீங்க.

அரவேணுக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னைக்கு ஆறரைக்கே போனேன், 800 பானெட் சூடா இருந்துச்சு. கே10 ஜில்லுன்னு இருந்து ஒரே செல்ஃப்ல எடுத்துச்சு, ஹேண்ட்பிரேக் மட்டும் லேசா நழுவுது, கேபிள் மாத்தற காசை குறைச்சுக்க சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை அம்மாவை முன் சீட்ல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு அட்வான்ஸ் குடுக்கறேன்.