செடித் தொட்டிக்கான சுழலும் மர ஸ்டாண்ட்: மழைக்குப் பின் ஒரு புதுப்பிப்பு

முன்பு போட்ட அளவு: மேலே 12 அங்குல வட்டப் பலகை, கீழேயும் அதே அளவு, இரண்டும் 18 மி.மீ. சாதா பிளைவுட், நடுவில் 6 அங்குலச் சதுர சுழல் பேரிங் (இடையே குண்டுகள் ஓடும் இரண்டு சதுரத் தகடுகள்; ஒன்று மேல்பலகையில், ஒன்று கீழ்ப்பலகையில்). இதில் மூன்று திருத்தங்கள்.

மழை முடிந்ததும் சுற்றினால் கரகரவென்று சத்தம். தொட்டியில் வழிந்த நீர் பலகை விளிம்பைத் தாண்டி, அடிப்பக்கமாகவே ஊர்ந்து பேரிங்கில் இறங்கியிருக்கிறது. குண்டுகள் ஓடும் தடம் முழுக்கச் செம்பழுப்புத் துரு. மேல்பலகையின் அடியில், விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, 3 மி.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் காடி (ஒடுங்கிய பள்ளம்) எடுங்கள். நீர் அங்கேயே சொட்டிவிடும். கீழ்ப்பலகையை 10 அங்குலமாகக் குறைத்தால் சொட்டு வெளியே விழும். இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

கால் சுற்றுக்கு ஒருமுறை 'டக்'கென்று தட்டினால் அது துரு அல்ல, ஸ்க்ரூ. பேரிங்கின் மொத்தத் தடிமனே சுமார் 8 மி.மீ.தான். தகடுகளின் மூலைகள் நேருக்கு நேர் வரும்போது மேல், கீழ் ஸ்க்ரூ தலைகள் இடித்துக்கொள்கின்றன. 12 மி.மீ. நீளம், 2 மி.மீ.க்கு மேல் உயராத தட்டைத் தலை போதும்.

பலகை: சாதா பிளைவுட் விளிம்பில் ஊறிப் பிரிகிறது. ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள, நீர் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்குங்கள். அதிலும் வெட்டிய விளிம்புக்கும் ஸ்க்ரூ துளைகளுக்கும் வார்னிஷ் இரண்டு கோட் கட்டாயம். ஈர மண்ணோடு 12 அங்குலத் தொட்டி 20 கிலோவைத் தாண்டும். தொட்டியைச் சரியாக நடுவில் வையுங்கள்.