ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லை, மகளுக்கு சிடி ஸ்கேன் எடுக்கலாமா?

மகளுக்கு 7 வயது, 22 கிலோ. நேற்று மதியம் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள், சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி, ராத்திரிக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. காய்ச்சல் 100.8. இப்போது திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் அட்மிட் செய்திருக்கிறோம், டிரிப்ஸ் ஏறுகிறது.

முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். குடல்வால் 6 மில்லிமீட்டரைத் தாண்டி வீங்கி, அழுத்தினாலும் அமுங்காமல் இருந்தால் அழற்சியாக இருக்கலாமாம். இவளுக்கு வயிறு முழுக்க வாயு, அளக்கவே முடியவில்லை, சில நெறிக்கட்டிகள் மட்டும் தெரிகின்றன. வெள்ளையணு 13,800, சிறுநீரில் கோளாறு இல்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தும் அதே ரிப்போர்ட்தான்.

சர்ஜன் சிடி எடுக்கலாம் என்கிறார். இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கதிர்வீச்சு என்றதும் எனக்குக் கை நடுங்குகிறது. எம்ஆர்ஐ-யில் அது கிடையாது, ஆனால் இந்த மருத்துவமனையில் அந்த வசதி இல்லை, மதுரைக்குத்தான் எழுதித் தருவார்களாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், அதற்குள் குடல்வால் வெடித்துவிட்டால்?

குழந்தை அறுவை சிகிச்சை, ரேடியாலஜி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: குறைந்த டோஸில் சிடி-யை இங்கேயே எடுத்துவிடுவதா, மதுரைக்குக் கொண்டுபோய் எம்ஆர்ஐ பார்ப்பதா?